பழைய ரயில் பாதை: கையில் இருக்கும் பணத்தை எங்கே முதலில் போடுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். பாதை போட்டு 50, 60 ஆண்டு ஆகிவிட்டது. தண்டவாளம், ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை), பாலம், சிக்னல் எல்லாமே வயதானவை. முழுவதும் புதுப்பிக்கத் தேவைப்படும் தொகையில் பாதிகூடக் கிடைக்காது. ரயில் ஓட்டத்தை நிறுத்தவும் முடியாது. இந்த நிலையில் சிக்கனமாகப் பராமரிப்பது எப்படி, திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

முதலில், வயதைப் பார்த்து வரிசை போடும் பழக்கத்தை விட வேண்டும். ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலைத் தண்டவாளத்தைக் கொண்டு போட்ட இரண்டு கிலோமீட்டர்களில் ஒன்று இன்னும் பத்தாண்டு தாங்கும், பக்கத்துக் கிலோமீட்டர் மாதாமாதம் ஆள் கேட்கும். வித்தியாசம் பெரும்பாலும் தண்டவாளத்தில் இருப்பதில்லை. அடியில் நிற்கும் தண்ணீரில், வளைவில், பாலத்தின் முனையில், சரியாக வராத ஒரு வெல்டிங்கில் இருக்கும். ஆகவே 'இப்போது எப்படி இருக்கிறது' என்பதோடு 'எவ்வளவு வேகமாகக் கெடுகிறது' என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பணம் சரியான இடத்துக்குப் போகும்.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம். பாதையை 200 மீட்டர் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி: ஆண்டுக்கு எத்தனை மில்லியன் டன் போக்குவரத்து, நேரா வளைவா, மண்மேட்டில் போகிறதா நிலத்தை வெட்டிய பள்ளத்தில் போகிறதா, தண்டவாளமும் ஸ்லீப்பரும் எந்த வகை, கடைசியாக டேம்பிங் இயந்திரம் (ஸ்லீப்பர் அடியில் ஜல்லியை நெருக்கிப் பாதையை மட்டப்படுத்துவது) எப்போது ஓடியது, தண்டவாள உடைப்புகளும் வெல்டிங் உடைப்புகளும் எத்தனை, வேகக் கட்டுப்பாடு எத்தனை நாள் இருந்தது. அளவீட்டு வண்டி ஓடும்போதெல்லாம் மட்டத்தின் திட்ட விலக்கத்தை (பாதை எவ்வளவு மேடுபள்ளமாக இருக்கிறது என்று காட்டும் எண்) மி.மீ. கணக்கில் அதே வரியில் சேருங்கள். டேம்பிங் முடிந்ததும் 1.2 மி.மீ. இருந்தது, ஆண்டுக்கு 0.4 மி.மீ. கூடுகிறது, தலையிட வேண்டிய எல்லை 2.4 மி.மீ. என்றால் மூன்று ஆண்டு டேம்பிங்குக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. அதே துண்டில் அடுத்த சுற்று ஒரே ஆண்டில் எல்லையைத் தொட்டு, அதற்கடுத்தது நான்கே மாதத்தில் தொட்டால், அந்த இடம் இனி டேம்பிங்கால் சரியாகாது என்று எண்ணே சொல்லிவிடுகிறது.

ஒரு முன்னெச்சரிக்கை: இரண்டு ஓட்டங்களின் அளவீடுகளை ஒப்பிடும்போது கிலோமீட்டர் குறி 10, 20 மீட்டர் நகர்ந்திருப்பது சாதாரணம். பாலம், பாயின்ட் (ரயிலைத் தடம் மாற்றும் அமைப்பு) போன்ற நிலையான அடையாளங்களை வைத்து இரண்டையும் பொருத்திய பிறகே வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் நல்ல இடம் கெட்டதாகவும் கெட்ட இடம் நல்லதாகவும் தெரியும்.

இந்தப் பட்டியலில் வேகமாகக் கெடும் துண்டுகளை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் பதில் ஒன்றாகவே இருக்கும்: தண்ணீர்.

ஜல்லிப் படுகையின் வேலை சுமையைப் பரப்புவதும் தண்ணீரை வெளியேற்றுவதும். ஜல்லி தேய்ந்து உதிரும் பொடி, மேலிருந்து விழும் தூசி, அடியிலிருந்து ஏறும் களிமண் எல்லாம் கற்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை அடைக்கின்றன. உலர்ந்திருக்கும் வரை பெரிய தொல்லை இல்லை. ஈரமானதும் அதுவே மசகாகிறது. ஸ்லீப்பருக்கு அடியில் ஒரு சிறு வெற்றிடம் விழுந்தால், ஒவ்வொரு சக்கரமும் ஸ்லீப்பரை அழுத்தி விடும்போது அது பம்பு போல வேலை செய்து சேற்றை மேலே துப்பும். கான்கிரீட் ஸ்லீப்பரின் அடிப்பகுதி இந்தச் சேற்றில் அரைபட்டு வெள்ளைக் குழம்பாக வெளியே வருவதையும் பார்க்கலாம். அந்த வெள்ளை நிறம் தெரிந்தால் ஜல்லி மட்டுமல்ல, ஸ்லீப்பரும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, சேறு துப்பும் நாலைந்து ஸ்லீப்பருக்கு இடையில் தோண்டி அழுக்கு ஜல்லியை எடுத்துவிட்டுப் புது ஜல்லி போடுவது. சுற்றிலும் அடைபட்ட ஜல்லி இருக்க, நடுவில் சுத்தமான குழி ஒன்றை உருவாக்கினால் அது தொட்டியாகிறது. அக்கம்பக்கத் தண்ணீரெல்லாம் அங்கே வந்து நிற்கும். தோண்டுவதானால் ஸ்லீப்பர் முனையைத் தாண்டி, பக்கவாட்டுச் சரிவோடு, தண்ணீர் வெளியேறும் இடம் வரை தோண்ட வேண்டும். பல இடங்களில் ஸ்லீப்பர்களுக்கு அடியைத் தொடாமல், இரண்டு ஓரத்து ஜல்லித் தோள்களை மட்டும் முழு நீளத்துக்கு எடுத்துச் சலித்துப் போட்டாலே தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். முழு ஜல்லிச் சலிப்போடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவும் நேரமும் மிகக் குறைவு.

வடிகால் வேலையை எப்போதும் கீழிருந்து மேலாகச் செய்ய வேண்டும். தண்ணீர் கடைசியில் விழும் வாய் அடைபட்டிருக்க, மேலே எத்தனை மீட்டர் கால்வாயைத் தூர்வாரினாலும் பயனில்லை. முதலில் வெளிவாய், பிறகு குறுக்குக் குழாய், பிறகு ஆய்வுக் குழிகள், கடைசியாகப் பக்கக் கால்வாய். கால்வாயின் அடிமட்டம் ஜல்லிக்கு அடியிலுள்ள மண் கரையின் மேல்மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று மட்டக் கருவி வைத்துச் சரிபாருங்கள். பழைய பாதையில் பல தலைமுறையாக ஜல்லியை மேலே மேலே போட்டுத் தூக்கியிருப்பார்கள். சலித்த கழிவை ஓரத்திலேயே கொட்டியிருப்பார்கள். பார்வைக்குக் கால்வாய் போலவே இருக்கும். உண்மையில் அது பாதைக்குத் தண்ணீரைக் கொண்டுவரும். வெட்டுச் சரிவுகளுக்கு மேலே ஓடும் தடுப்புக் கால்வாயை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. அதையும் பட்டியலில் சேருங்கள்.

வடிகாலைக் கட்டுவதிலும் கவனம் வேண்டும். 2020 ஆகஸ்ட் 12 அன்று ஸ்காட்லாந்தின் கார்மாண்ட்டில் பயணி ரயில் தடம்புரண்டு மூவர் இறந்தனர். கனமழையில், சரிவில் அமைத்திருந்த வடிகாலிலிருந்தே கல்லும் சரளையும் அடித்துக்கொண்டு வந்து பாதையில் விழுந்திருந்தன. பத்தாண்டுகூட ஆகாத அந்த வடிகால் வரைபடத்தில் இருந்தபடி கட்டப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. புது வேலை முடிந்ததும் வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து வாங்குவதும் பராமரிப்புச் செலவுதான்.

அடுத்தது டேம்பிங். பாதையைத் தூக்கிப் பிடித்து, இயந்திரத்தின் எஃகு விரல்களை ஜல்லிக்குள் இறக்கி, நொடிக்கு 35 முறை அதிரவைத்து ஸ்லீப்பர் அடியில் கற்களை நெருக்கும் வேலை இது. பாதை நேராகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் கற்களின் கூர்முனைகள் உடைகின்றன. அதாவது ஜல்லியைக் கெடுக்கும் பெரிய காரணங்களில் டேம்பிங்கும் ஒன்று. 'இயந்திரம் வந்திருக்கிறது, ஓட்டிவிடுவோம்' என்று நல்ல இடத்திலும் ஓட்டுவது காசு கொடுத்து ஜல்லியின் ஆயுளைக் குறைப்பதாகும். காலமுறைப்படி எல்லா இடத்திலும் என்பதை நிறுத்தி, எல்லையை நெருங்கும் துண்டுகளில் மட்டும் ஓட்டினாலே இயந்திர நாட்களில் கணிசமாக மிச்சப்படும்.

தூக்கும் அளவும் முக்கியம். 10, 15 மி.மீ. மட்டும் தூக்கினால் கற்கள் புது அமைப்புக்கு மாற இடமில்லை. சில வாரத்தில் பாதை பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். ஜல்லிக்கு 'நினைவு' இருக்கிறது என்று இத்துறையில் சொல்வது இதைத்தான். 20 முதல் 25 மி.மீ.க்குக் குறையாமல் தூக்க முடிந்தால்தான் பலன் நிற்கும், அதற்கேற்ற புது ஜல்லி முன்கூட்டியே கொட்டியிருக்க வேண்டும். ஜல்லி ரயில் வராமல் டேம்பிங் இயந்திரம் மட்டும் வருவது திட்டமிடலில் அடிக்கடி நடக்கும் பிழை. சிறு பள்ளங்களுக்கு டேம்பிங்கைவிட, ஸ்லீப்பரைத் தூக்கி அடியில் 20 மி.மீ. அளவுச் சிறு கற்களைக் காற்றழுத்தத்தால் செலுத்தும் முறை நல்லது; இருக்கும் ஜல்லி கலையாது, உடையாது.

எப்போது டேம்பிங்கை விட்டுவிட்டு ஜல்லியைச் சலிக்க வேண்டும்? மாதிரி எடுத்துச் சல்லடை போடுங்கள். 22.4 மி.மீ. கண்ணில் எடையில் 30 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தால் சலிப்பைத் திட்டத்தில் சேர்க்கலாம், 40 விழுக்காட்டைத் தாண்டினால் தள்ளிப்போட இடமில்லை. டேம்பிங் இடைவெளி சுருங்கும் கணக்கும் இந்தச் சல்லடை முடிவும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம். ஒத்துப்போகாவிட்டால், அதாவது ஜல்லி சுத்தமாக இருந்தும் மட்டம் நிற்கவில்லையென்றால், கோளாறு இன்னும் கீழே, மண் கரையில் இருக்கிறது. அங்கே புது ஜல்லி போடுவதும் வீண்தான்.

வெயில் காலத்தில் இந்த வேலைகளுக்குத் தனி ஆபத்து உண்டு. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள, இணைப்பின்றி வெல்டிங் செய்த தண்டவாளத்தில், அழுத்தமற்ற வெப்பநிலைக்கு (தண்டவாளத்தில் இழுவிசையோ அழுக்க விசையோ இல்லாத வெப்பநிலை) மேல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 1.8 டன் அழுக்க விசை ஏறுகிறது. 30 டிகிரி கூடினால் ஒரு தண்டவாளத்தில் மட்டும் 54 டன். இதைப் பக்கவாட்டில் பிடித்துவைப்பது ஜல்லி. டேம்பிங் முடிந்த உடனே அந்தப் பிடிமானம் பாதி அளவுக்குக் குறைந்துவிடும்; ரயில்கள் ஓடி ஜல்லி அமர்ந்தால்தான் திரும்பும். ஆகவே கோடைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை, கோடையில் தொடக்கூடாத வேலை என்று நாட்காட்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். உடைந்த தண்டவாளத்தை மாற்றித் துண்டு போட்ட ஒவ்வோர் இடத்திலும் அழுத்தமற்ற வெப்பநிலை மாறியிருக்கும். குளிரில் உடைந்து விரிந்த இடைவெளியில் ஒரு துண்டை அப்படியே சொருகி வெல்டிங் செய்துவிட்டு, தண்டவாளத்தை இழுத்துச் சரிசெய்யாமல் விட்டால், கோடையில் வளைந்து நிற்கப்போகும் இடம் அதுதான். இத்தகைய இடங்களுக்குத் தனிப் பதிவேடு வையுங்கள்.

தண்டவாளத்தைப் பொறுத்தவரை, தேய்ந்து மாற்றப்படுவதைவிடக் களைப்பால் விரிசல் விட்டு மாற்றப்படுவதே அதிகத் தொல்லை. சக்கரமும் தண்டவாளமும் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர செ.மீ. அந்தச் சிறு பரப்பில் மீண்டும் மீண்டும் விழும் சுமையால் வளைவுகளின் வெளித் தண்டவாளத்தில், உட்பக்க மூலையில், மீன் செதில் போல நுண்விரிசல்கள் வரும். அவை ஆழமாகும் முன் மேல்தோலை 0.1, 0.2 மி.மீ. அளவுக்குச் சாணை பிடித்து எடுத்துவிட்டால் அங்கேயே கதை முடிந்தது. விட்டுவிட்டால் பின்னர் 2, 3 மி.மீ. எடுத்தாலும் விரிசலின் வேர் உள்ளே இருக்கும். சாணையை நோய்க்கு மருந்தாக அல்ல, நோய் வராதபடி குறிப்பிட்ட டன்னுக்கு ஒருமுறை செய்யும் வேலையாக வைப்பதுதான் மலிவு. கூர்மையான வளைவுகளில் முதலில், நேர்ப்பாதையில் நீண்ட இடைவெளியில்.

இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மூலை விரிசல்கள் இருப்பது முன்பே தெரியும். மாற்றுத் தண்டவாளமும் பாதையோரம் வந்து கிடந்தது. போடப்படவில்லை. ரயில் போகும்போது பழைய தண்டவாளம் 300க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது, நால்வர் இறந்தனர். அதன்பின் எங்கெங்கு இதே விரிசல் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் நாடெங்கும் 1,200க்கும் மேற்பட்ட வேகக் கட்டுப்பாடுகளைப் போட வேண்டியதாயிற்று. பாதையின் உரிமையாளரான ரெயில்டிராக் நிறுவனம் ஓராண்டுக்குள், அரசின் மனுவின்பேரில் நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் கீழ் போனது. அந்த நிறுவனத்தை வீழ்த்தியதில் ஒரு தண்டவாளத்தைவிட, தன் சொத்தின் நிலை தனக்கே தெரியாமல் போனதற்குப் பெரிய பங்கு உண்டு.

தண்டவாளத்துக்குள் ஒலியலை செலுத்தி விரிசல் தேடும் அல்ட்ராசோனிக் சோதனையை நம்பலாம், ஆனால் அது எதைப் பார்க்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மேல்பரப்பு உதிர்ந்திருந்தால் ஒலி உள்ளே போகாது. அந்த இடத்தில் 'குறை இல்லை' என்று வருவது உண்மையில் 'பார்க்க முடியவில்லை' என்பதே. தண்டவாளப் பாதத்தின் (அடியிலுள்ள அகலமான பகுதி) இரண்டு ஓரங்களும் மேலிருந்து வரும் ஒலிக்கற்றைக்கு எட்டாதவை. ஈரமான சுரங்கங்கள், லெவல் கிராசிங்குகள், உப்புக் காற்றுப் பகுதிகளில் துரு தின்பது அங்கேதான். அங்கே கிளிப்பைக் கழற்றி, தகட்டை நகர்த்தி, கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

தண்டவாள முனைகளைப் போல்ட் போட்டுச் சேர்த்த இணைப்புகள் இன்னும் மிச்சமிருக்கும் பாதையில், மொத்தப் பராமரிப்பு உழைப்பில் பெரும்பங்கை அவைதான் விழுங்கும். இணைப்பு தாழ்ந்தால் சக்கரம் இடிக்கும், இடித்தால் ஜல்லி நொறுங்கும், நொறுங்கினால் இன்னும் தாழும். போல்ட் துளையிலிருந்து 45 டிகிரியில் விரிசல் கிளம்பும். தண்டவாளத்தை மாற்றப் பணமில்லாவிட்டாலும், முனைகளை வெட்டி எறிந்துவிட்டு நல்ல பகுதிகளை வெல்டிங் செய்து நீளமாக்கலாம். களத்தில் உருக்கி ஊற்றும் வெல்டிங்கைவிட, பட்டறையில் மின்சாரத்தால் இணைக்கும் வெல்டிங் உறுதியானது. எத்தனை இணைப்பைப் பட்டறையிலேயே முடிக்க முடியுமோ அத்தனை நல்லது. ஸ்லீப்பரும் கிளிப்பும் ஜல்லித் தோளும் வெயிலில் ஏறும் அழுக்க விசையைத் தாங்குமா என்று பார்த்த பிறகே நீளத்தைக் கூட்ட வேண்டும்.

முதன்மைப் பாதையில் கழற்றிய தண்டவாளத்தைச் சோதித்து, வெட்டிச் சீராக்கி, போக்குவரத்து குறைந்த கிளைப் பாதைக்கும் அங்கிருந்து பக்கத் தடத்துக்கும் இறக்குவது பழைய, நல்ல சிக்கனம். செதில் விரிசல் கண்டதை மட்டும் இறக்காதீர்கள். அது இடம் மாறினாலும் விரிசல்தான். மர ஸ்லீப்பரில், எத்தனை விழுக்காடு கெட்டது என்பதைவிடக் கெட்டவை எப்படிக் கொத்தாக இருக்கின்றன என்பதே முக்கியம். நல்லவற்றுக்கு நடுவில் தனியாக ஒன்று கெட்டிருந்தால் பாதை தாங்கும். தொடர்ந்து மூன்று கெட்டிருந்தால் தாங்காது. கொத்தை உடைப்பதுபோல மாற்றினால் குறைந்த எண்ணிக்கையில் பாதுகாப்பு கிடைக்கும். மரத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கான்கிரீட் ஸ்லீப்பரைச் செருகாதீர்கள். விறைப்பு கூடிய அது சுமையெல்லாம் தன்மேல் வாங்கி, தானும் வெடித்து, அடியில் உள்ள ஜல்லியையும் நொறுக்கும்.

பாயின்ட், கிராசிங்குகளில் (தண்டவாளங்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களில்) மிகப் பெரிய சேமிப்பு எது தெரியுமா? தேவையற்றதைப் பிடுங்குவது. பழைய நிலையங்களில் எப்போதோ சரக்குக் கொட்டகைக்குப் போன தடத்தின் பாயின்ட் இன்னும் முதன்மைப் பாதையில் உட்கார்ந்திருக்கும். ஒரு பாயின்ட் பராமரிப்பில் பல நூறு மீட்டர் சாதாரணப் பாதைக்குச் சமம். மோட்டார், பூட்டு, கேபிள் எல்லாம் கூடுதல். கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை முறை அது திரும்பியது என்று பதிவை எடுத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் நேர்ப்பாதை போட்டுவிடலாம்.

மிச்சமிருப்பவற்றில் சோதனையைக் குறைக்கவே கூடாது. 2007 பிப்ரவரி 23 அன்று இங்கிலாந்தின் கிரேரிக்கில் ஒரு பயணி இறந்த விபத்தில், பாயின்ட்டில் அசைந்து தடம் மாற்றும் இரண்டு நாக்குத் தண்டவாளங்களைப் பிணைக்கும் ஸ்ட்ரெச்சர் பார்களின் போல்ட்டுகள் கழன்றும் பார்கள் முறிந்தும் போயிருந்தன. ஐந்து நாள் முன்பு நடந்திருக்க வேண்டிய நடைச் சோதனை அந்த இடத்தில் நடக்கவில்லை. 2013 ஜூலை 12 அன்று பிரான்ஸின் பிரெத்தினியில் ஏழு பேர் இறந்தது, கிராசிங்கில் நான்கு போல்ட்டில் மூன்று போய், தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ்பிளேட் தகடு மிச்சமிருந்த ஒன்றைச் சுற்றித் திரும்பி நின்றதால். இரண்டிலும் உதிரிபாகம் சிறியது. போல்ட் ஏன் கழல்கிறது என்று கேட்க வேண்டும். அடியில் ஸ்லீப்பர் வெற்றாக ஆடுகிறது, நாக்குக்கும் அது ஒட்டி நிற்கும் தாய்த் தண்டவாளத்துக்கும் இடைவெளி தவறு, கிராசிங்கின் கூர்முனையான மூக்கு தேய்ந்து இடிக்கிறது என்று காரணம் ஏதோ ஒன்று இருக்கும். ஒரே போல்ட்டை மூன்று மாதத்தில் இரண்டாம் முறை இறுக்கினால், அது பழுதுச் சீட்டு அல்ல, விசாரணைச் சீட்டு ஆக வேண்டும்.

பாலங்களுக்கு வருவோம். கல், செங்கல் வளைவுப் பாலங்கள் நூற்றாண்டு தாண்டியும் நிற்பவை; அவற்றுக்கு எதிரி தண்ணீரும் வேரும். செடியை மேலே வெட்டினால் போதாது, வேரைக் கொல்ல வேண்டும். மூட்டுகளைப் பூசும்போது சுண்ணாம்புக் காரையே போட வேண்டும். சிமென்ட் கெட்டியாகி, ஈரத்தை வெளியே விடாமல் செங்கல்லுக்குள் தள்ளி, செங்கல்லின் முகமே பெயர்ந்துவிடும். அழகாகச் சிமென்ட் பூசிய பழைய பாலத்தைப் பார்த்தால் சற்றுப் பயப்படலாம். எஃகுப் பாலத்தில் பெயிண்ட் முழுவதையும் புதுப்பிக்கப் பணமில்லையென்றால், குப்பை தங்கும் மூலைகள், தாங்கி (உத்திரம் தூணின் மேல் உட்காரும் பகுதி) இருக்கைகள், ஸ்லீப்பருக்கு அடியிலுள்ள மேல் விளிம்பு ஆகியவற்றை மட்டுமாவது சுத்தம் செய்து பூசுங்கள். துரு தின்பது அங்கேதான். இறுகிப்போன தாங்கியை விடுவிப்பது, அது இழுத்துப் பிளக்கப்போகும் தூணைச் சரிசெய்வதைவிட மலிவு. தேனிரும்பிலும் பழங்கால எஃகிலும் வெல்டிங் வைக்காதீர்கள். தளர்ந்த ரிவெட்டுக்குப் பதில் உயர்வலிமை போல்ட் போடுங்கள்.

ஆற்றுப் பாலத்தில் மேலே பார்ப்பதைவிடக் கீழே பார்ப்பது முக்கியம். 2009 ஆகஸ்ட் 21 அன்று அயர்லாந்தின் மாலஹைட் பாலத்தில் ஒரு தூண் சரிந்து பாதை அந்தரத்தில் தொங்கியது. அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் இல்லை. மூன்று நாள் முன்புதான் பொறியாளர் ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். தூண்கள் நின்றது ஒரு கல் அணையின் மேல். அலை அரித்துப்போகும் கற்களுக்கு ஈடாக அவ்வப்போது கல் கொட்டினால்தான் அது நிற்கும். அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் போனதும் அந்த அறிவும் நிறுவனத்தைவிட்டுப் போய்விட்டது. பழைய பாதையில் ஓய்வுபெறப்போகும் மேஸ்திரிகளையும் பொறியாளர்களையும் உட்காரவைத்து, 'எந்த இடத்தில் எதை, ஏன் செய்தீர்கள்' என்று எழுதி வாங்குவதற்குச் செலவே இல்லை. வெள்ளத்துக்குப் பின் தூண் அடியில் ஆழம் அளந்து முந்தைய அளவோடு ஒப்பிடுவதையும் வழக்கமாக்குங்கள்.

சிக்னலில் தேய்மானத்தைவிட உதிரிபாகம் கிடைக்காததே முதலில் கழுத்தைப் பிடிக்கும். ஒரு பகுதியைப் புதுப்பித்து, கழற்றிய ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) சோதித்து மற்ற பகுதிக்கு வைத்துக்கொள்வது நல்ல உத்தி. வயர்களின் காப்பு உறை மொறுமொறுப்பாகிவிட்டால் மட்டும் உத்தி எதுவும் உதவாது, தொட்டாலே உதிரும். கழற்றிய பழைய வயரை வெட்டி நீக்காமல் விட்டதால் சிக்னல் தவறாகக் காட்டி, 1988 டிசம்பர் 12 அன்று லண்டன் கிளாபம் சந்திப்பில் ரயில்கள் மோதி 35 பேர் இறந்தனர். அந்த வேலையைச் செய்தவருக்கு 13 வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு. ஆள் குறைத்துச் சிக்கனம் செய்வோர் இதை நினைவில் வைக்கலாம்.

இனி பணக் கணக்கு. புதுப்பிப்பதா, ஒட்டுப்போடுவதா என்ற கேள்விக்கு எளிய அளவுகோல் உண்டு. புதுப்பிக்க 100 ஆகும், வட்டி 5 விழுக்காடு என்றால், ஓராண்டு தள்ளிப்போடுவதால் மிச்சமாவது அந்த ஓராண்டு வட்டியான 5 மட்டுமே. தள்ளிப்போட்டதால் அந்த ஆண்டு கூடுதலாக ஆகும் டேம்பிங், ஆட்கள், அவசரப் பழுது, தாமதம் எல்லாம் சேர்ந்து 5-ஐத் தாண்டாதவரை தள்ளுங்கள். தாண்டிய ஆண்டு புதுப்பியுங்கள். தாமதத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பதுதான் வழக்கமான பிழை. 100 கி.மீ. வேகப் பாதையில் 1 கி.மீ. நீளத்துக்கு 30 கி.மீ. கட்டுப்பாடு போட்டால், அரை கி.மீ. நீள ரயில் முழுவதும் அந்த இடத்தைக் கடக்கவே 126 நொடி கூடுதல். வேகம் குறைத்துக் கூட்டும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று நிமிடத்தைத் தாண்டும். நாளைக்கு 40 ரயில் என்றால் இரண்டு மணி நேரம். 'தற்காலிகம்' என்று போட்டு ஆறு மாதம் கிடக்கும் கட்டுப்பாடுகளின் விலையை இப்படி எழுதி வைத்தால் பணம் கேட்பதும் எளிதாகும்.

பாதை கிடைக்கும் நேரமும் பணம்தான். நான்கு மணி நேரப் பிளாக்கில் (ரயில்களை நிறுத்திப் பாதையை வேலைக்கு விடும் நேரம்), மின்சாரம் துண்டித்து உறுதிசெய்ய, இயந்திரம் வந்து சேர, திரும்பிப் போக, சோதித்து ஒப்படைக்க என ஏறத்தாழ 110 நிமிடம் போய்விடும். வேலைக்கு 130 நிமிடம். எட்டு மணி நேரமாக்கினால் அதே 110 போக 370 நிமிடம், அதாவது ஏறத்தாழ மூன்று மடங்கு வேலை. பத்துச் சிறு பிளாக்குக்குப் பதில் நான்கு நீண்ட பிளாக் கேளுங்கள். அந்த நான்கில் டேம்பிங், வெல்டிங், பாலம், சிக்னல், மின்கம்பி எல்லோரும் ஒரே இடத்தில் இறங்கட்டும். இயக்கப் பிரிவு முதலில் மறுக்கும். மேலே சொன்ன தாமதக் கணக்கைக் காட்டினால் பேச்சு தொடங்கும்.

உணரிகள், கேமராக்கள் பற்றியும் கேட்பார்கள். பாயின்ட் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தின் வரைகோட்டைப் பதிவுசெய்வது நன்றாகப் பலன் தரும். இறுக்கம் கூடுவது பழுதாவதற்குப் பல நாள் முன்பே தெரியும். ஆனால் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் யார், எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்று முன்பே எழுதாமல் கருவி வாங்காதீர்கள்.

நிதி வெட்டப்பட்டால் எதை முதலில் விடலாம்? பெயிண்ட் அழகு, குறைந்த வேகத் தடங்களின் மட்டம், பயணச் சொகுசுக்கான டேம்பிங். விடக்கூடாதவை: வடிகால், சாணை, அல்ட்ராசோனிக், பாயின்ட் சோதனை, தூண் அடி ஆழம். வெட்டு விழும்போது நடைமுறையில் முதலில் போவது வடிகாலும் சாணையும்தான். அவற்றை நிறுத்தினால் அந்த ஆண்டு ஒன்றும் ஆகாது என்பதே காரணம்.

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று மாதம் கழித்து அதே 200 மீட்டரின் அளவீட்டை மறுபடி எடுத்து, முன்பு எழுதிய வரிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கெடும் வேகம் குறைந்திருந்தால் அதே முறையை அடுத்த துண்டுக்குக் கொண்டுபோகலாம். குறையவில்லையென்றால் அங்கே காரணத்தைத் தவறாகக் கண்டுபிடித்திருக்கிறோம்; இரண்டாம் முறை அதே வேலையை அனுப்பாமல், மண் கரை வரை குழி வெட்டிப் பாருங்கள்.